ஒரே ஸ்பீக்கர்... நாலு பேரு! ஸ்டிக்கர் மாத்தி வித்தா சட்டம் என்ன சொல்லுது? மண்ணூர்பேட்டை வியாபாரிகள், வாடிக்கையாளர்கள் உஷார்!

அம்பத்தூர்:

சாயங்காலம் ஆறு மணி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் விட்டு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் மண்ணூர்பேட்டை பக்கம் நடக்கிற நேரம். எம்.டி.எச். ரோட்டோரக் கடைகளில் ப்ளூடூத் ஸ்பீக்கர் சத்தம் காதைப் பிளக்கிறது. ஒரு கடையில் கறுப்பு கலர் ஸ்பீக்கர் ஒரு கம்பெனி பேரில் இருக்கிறது. பக்கத்துக் கடையில் அதே சைஸ், அதே பட்டன், அதே லைட். ஆனால் பேர் மட்டும் வேற!

"ரெண்டும் ஒரே மாலுதாம்ப்பா... ஸ்டிக்கர்தான் வேற" என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

இது தப்பா, சரியா? பக்கா லைசென்ஸ் வாங்கின ஒரு பொருளின் மேல் நம்ம பேரை ஒட்டி விற்கலாமா? ஒட்டினால் யார் மாட்டுவார்கள்? செஞ்சவரா, பேர் போட்டவரா, கடையில் வெச்சி வித்தவரா? 'டெக்னிக்கல்' சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இயர்போன் வாங்குகிறவரில் இருந்து, கடன் வாங்கி செல்போன் ஆக்சஸரி கடை போட்டவர் வரைக்கும் எல்லோர் பாக்கெட்டையும் தொடுகிற விஷயம் இது.

ரேடியோன்னா வீட்டு ரேடியோ மட்டும் இல்லை!

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். சட்டத்தின் பார்வையில் 'ரேடியோ கருவி' என்றால் பாட்டு கேட்கிற ரேடியோ மட்டும் அல்ல. ஒயர் இல்லாமல் காற்றில் அலையை அனுப்புகிற எல்லாமே ரேடியோ கருவிதான்.

செல்போன், ப்ளூடூத் ஸ்பீக்கர், காதில் மாட்டுகிற இயர்பட்ஸ், ஸ்மார்ட் வாட்ச், ஒய்-பை பெட்டி, வாக்கி-டாக்கி, ஒயர்லெஸ் மைக், ரிமோட்டில் பறக்கும் பொம்மை எல்லாமே இதில் அடக்கம்.

ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ளவே தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டினார்கள் என்பதை நம்ம தாத்தா, பாட்டிகள் சொல்வார்கள். அந்த லைசென்ஸ் 1980-களின் நடுவில் ஒழிந்தது. ஆனால் அலையை 'அனுப்புகிற' கருவிகளுக்கு கட்டுப்பாடு ஒழியவில்லை. காரணம், காற்றில் இருக்கிற அலைவரிசை எல்லோருக்கும் பொதுவான ரோடு மாதிரி. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, விமானம், செல்போன் டவர் எல்லாம் ஆளுக்கு ஒரு லேனில் ஓடுகின்றன. ஒருத்தர் லேன் மாறி உள்ளே புகுந்தால் மற்றவர் வண்டி நின்றுவிடும்.

அப்படியென்றால் ப்ளூடூத்துக்கு நாம் ஏன் லைசென்ஸ் வாங்குவது இல்லை? 2,400 மெகாஹெர்ட்சில் இருந்து 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையை, குறைந்த சக்தியில் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு 2005-ம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. ப்ளூடூத்தும், பழைய ஒய்-பையும் இதில்தான் ஓடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் ஒய்-பைக்கு 2018-ல் இதே மாதிரி விலக்கு கிடைத்தது.

ஆனால் ஒரு கண்டிஷன். வாங்குகிற நமக்குத்தான் லைசென்ஸ் வேண்டாம். அந்தக் கருவி அதன் லேனை விட்டு வெளியே போகாது என்று முன்கூட்டியே சோதித்து சான்று வாங்கியிருக்க வேண்டும்.

ரெண்டு சான்று... ரெண்டு டிபார்ட்மெண்ட்

கடைக்காரர்கள் குழம்புகிற இடம் இதுதான். ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு ஒரு சான்று போதாது. ரெண்டு வேண்டும்.

முதலாவது, ஈ.டி.ஏ. எனப்படும் கருவி வகை ஒப்புதல். இதைக் கொடுப்பது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. கருவி எந்த அலைவரிசையில் ஓடுகிறது, எவ்வளவு சக்தியில் அனுப்புகிறது என்று பார்ப்பது இதன் வேலை. அங்கீகாரம் பெற்ற லேபில் எடுத்த சோதனை அறிக்கையோடு 'சரள் சஞ்சார்' என்ற அரசு இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஒப்புதல் மாடல் நம்பரைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. மாடல் நம்பர் மாறினால் அந்த மாடலுக்கும் ஒப்புதல் வேண்டும்.

இரண்டாவது, பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு. இது கருவி ஷாக் அடிக்குமா, சூடாகி தீப்பிடிக்குமா என்று பார்க்கிற பாதுகாப்பு சோதனை. 2012-ல் வந்த மத்திய அரசு ஆணை மூலம் 15 வகை எலெக்ட்ரானிக் பொருட்களோடு ஆரம்பித்து, 2013 ஜூலையில் அமலுக்கு வந்தது. 2014 நவம்பர் அறிவிப்பில் செல்போன், பவர் பேங்க், பேட்டரி ஆகியவை சேர்ந்தன. 2020-ல் வந்த அறிவிப்புகளில் ப்ளூடூத் ஸ்பீக்கர், ஒயர்லெஸ் ஹெட்போன் போன்றவையும் உள்ளே வந்துவிட்டன. பழைய ஆணைக்குப் பதிலாக 2021-ல் புது ஆணை வந்தது.

இந்தப் பதிவு கிடைத்தால்தான் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கி 8 இலக்கம் கொண்ட ஒரு நம்பர் கிடைக்கும். பொருளின் முதுகில் பி.ஐ.எஸ். முத்திரை, அதற்கு மேலே ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண், கீழே இந்த ஆர் நம்பர். இதுதான் நாம் தேட வேண்டிய லேபிள்.

சமையல் காஸ் அடுப்பிலும் ஹெல்மெட்டிலும் பார்க்கிற ஐ.எஸ்.ஐ. முத்திரை வேறு, இது வேறு. ஐ.எஸ்.ஐ.க்கு அதிகாரிகள் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்து லைசென்ஸ் கொடுப்பார்கள். ஆர் நம்பரில், அங்கீகரிக்கப்பட்ட லேபில் சோதனை செய்து, 'என் பொருள் தரத்துக்கு உட்பட்டது' என்று தயாரிப்பாளரே உறுதி கொடுத்து பதிவு செய்துகொள்கிறார்.

ரேஷன் கார்டு கணக்குதான்!

இப்போது மெயின் மேட்டருக்கு வருவோம்.

ஒரு தொழிற்சாலை ஸ்பீக்கர் செய்கிறது. சான்று எல்லாம் பக்கா. அந்த ஸ்பீக்கரை ஒரு வியாபாரி மொத்தமாக வாங்குகிறார். மேலே தன் கடைப் பேரை அச்சடித்து, தன் பேரில் கலர் டப்பா போட்டு விற்க நினைக்கிறார். 'உள்ளே இருக்கிற போர்டு அதே, பேட்டரி அதே. ஏற்கனவே சோதித்த சரக்குதானே, மறுபடி எதுக்கு?' என்பது அவர் கேள்வி.

கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பி.ஐ.எஸ். பதிவு என்பது பொருளுக்கு மட்டும் கொடுக்கிறது இல்லை. இந்தப் பொருள், இந்த முகவரியில் உள்ள இந்தத் தொழிற்சாலை, இந்த பிராண்ட் என மூன்றையும் சேர்த்துக் கட்டித்தான் கொடுக்கிறார்கள்.

இதை ரேஷன் கார்டோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். வீடு ஒண்ணுதான், அடுப்பு ஒண்ணுதான், சாப்பிடுகிறவரும் அதே குடும்பம்தான். ஆனாலும் கார்டில் பேர் ஏறாத ஆளுக்கு அரிசி கிடையாது. பேர் சேர்க்க மனு போட்டு, அது ஏறின பிறகுதான் பங்கு. பிராண்டும் அப்படித்தான். பதிவில் ஏறாத பேருக்கு அந்த ஆர் நம்பரைப் போடக் கூடாது.

அப்ப என்ன வழி? தடை ஒன்றும் இல்லை. ஒருத்தர் செய்து இன்னொருத்தர் பேரில் விற்பது முழுக்க முழுக்க சட்டப்படியான தொழில். பிராண்டின் சொந்தக்காரர் தன் டிரேட் மார்க் ஆதாரத்தையும், 'என் பேரில் செய்து கொடுக்க இந்தத் தொழிற்சாலைக்கு அனுமதி தருகிறேன்' என்ற கடிதத்தையும் கொடுக்க வேண்டும். தொழிற்சாலை அதை வைத்து அந்த பிராண்டுக்கும் பதிவு வாங்க வேண்டும். அதுக்கு அப்புறம்தான் லேபிள் அச்சடிக்க வேண்டும். தொழிற்சாலை வெளிநாட்டில் இருந்தால், இங்கே அவர்களுக்காகப் பதில் சொல்ல ஒரு இந்தியப் பிரதிநிதி கட்டாயம்.

பெரிய கம்பெனிகளே இப்படித்தான்!

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை வந்தபோது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் இருந்து எத்தனை பேர் கம்பெனி பஸ் ஏறினார்கள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது.

ஆனால் 'நோக்கியா' என்ற பேர் போகவில்லை. 2016-ல் பின்லாந்தின் எச்.எம்.டி. குளோபல் என்ற நிறுவனம் அந்தப் பேரைப் போட்டு செல்போன் விற்க உரிமம் வாங்கியது. செய்து கொடுத்தது பாக்ஸ்கான் குழுமம். அதாவது பேர் ஒருத்தருடையது, விற்கிறவர் ஒருத்தர், செய்கிறவர் வேறொருத்தர். ஆப்பிள் போனையும் ஆப்பிள் தன் கையால் செய்வதில்லை. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கானில் நம்ம வீட்டுப் பெண்கள்தான் கோர்த்துக் கொடுக்கிறார்கள்.

எனவே 'வேற கம்பெனி செஞ்சது' என்பதாலேயே ஒரு பொருள் டூப்ளிகேட் ஆகிவிடாது. யார் செய்தார்கள், யார் பேரில் விற்கிறார்கள், யார் பொறுப்பு என்பது காகிதத்தில் சுத்தமாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. ஒரே பிராண்ட், ஒரே மாடல். ஆனால் ரெண்டு டப்பாவில் ரெண்டு ஆர் நம்பர். உடனே 'போலி' என்று சண்டைக்குப் போக வேண்டாம். ரெண்டு தொழிற்சாலையில் செய்திருந்தால் ரெண்டு நம்பர் வருவது இயல்புதான்.

அமெரிக்காவில் ஒரு மாதிரி... ஐரோப்பாவில் வேற மாதிரி

பல ஸ்பீக்கர்களின் அடியில் 'எப்.சி.சி.', 'சி.இ.' என்று அச்சடித்திருக்கும். அதைக் காட்டி 'பாருங்க சார், சர்டிபிகேட் இருக்குது' என்பார்கள்.

எப்.சி.சி. என்பது அமெரிக்கா. அங்கே ரேடியோ கருவிக்கு ஒரு அடையாள எண் கொடுப்பார்கள். அந்த எண்ணின் முதல் சில எழுத்துகள் சான்று வாங்கிய கம்பெனியைக் குறிக்கும். மிச்சம் பொருளைக் குறிக்கும். பொருள் மாறாமல் இருந்தால், அதே எண்ணோடு வேறு பிராண்ட் பேரில் விற்கலாம். பொறுப்பு மட்டும் சான்று வாங்கியவர் தலையிலேயே இருக்கும். பேர் போடுகிறவர் தனக்கென்று சொந்த எண் வேண்டும் என்றால், பழைய சோதனையை ஆதாரமாகக் காட்டி, அடையாளத்தை மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம்.

சி.இ. என்பது ஐரோப்பா. அங்கே கதை தலைகீழ். ரேடியோ கருவிகளுக்கான 2014-ம் ஆண்டு சட்டப்படி, ஒரு இறக்குமதியாளரோ வினியோகஸ்தரோ தன் பேரில் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தால், அவரையே 'தயாரிப்பாளர்' என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடிக்காதவராக இருந்தாலும் சரி, சோதனை அறிக்கை, உறுதிமொழி, முகவரி எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், அமெரிக்காவில் 'சான்று வாங்கினவன் பொறுப்பு'. ஐரோப்பாவில் 'பேர் போட்டவன் பொறுப்பு'. இந்தியாவில் செய்தவர் பேரில் பதிவு, அதில் பிராண்டும் ஏற வேண்டும்.

முக்கியமான விஷயம், எப்.சி.சி.யும் சி.இ.யும் அந்தந்த ஊர் சமாச்சாரம். மண்ணூர்பேட்டையில் விற்க அது செல்லாது. இங்கே பி.ஐ.எஸ். பதிவும், ஈ.டி.ஏ.வும்தான் செல்லும்.

வாக்கி-டாக்கியில் வெடித்த விவகாரம்

'சின்னக் கருவிதானே, யார் கேட்கப் போறாங்க' என்று நினைப்பவர்களுக்கு 2025-ல் ஒரு பாடம் கிடைத்தது.

தொழிற்சாலை செக்யூரிட்டி, கட்டட வேலை, கிரேன் ஆப்பரேட்டர், கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்திலும் வாக்கி-டாக்கி வந்துவிட்டது. இணையத்தில் பல பேர்களில், பொம்மை என்றும் சொல்லி விற்றார்கள். எந்த அலைவரிசையில் ஓடும் என்ற விவரமும் இல்லை, லைசென்ஸ் வேண்டுமா என்ற தகவலும் இல்லை, ஈ.டி.ஏ. இருக்கிறதா என்பதும் இல்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்கெடுத்தபோது இப்படி 16,970 விளம்பரப் பதிவுகள் சிக்கின. 2025 மே மாதம் 13 நிறுவனங்களுக்கு நோட்டீஸ் பறந்தது. அதே மாதக் கடைசியில் ரேடியோ கருவிகளை இணையத்தில் விற்பதற்கான வழிகாட்டு விதிகள் வந்தன. அலைவரிசை விவரத்தைக் கட்டாயம் போட வேண்டும். ஒப்புதல் இல்லாத கருவியைப் பட்டியலில் ஏற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2026 ஜனவரியில் பெரிய இணைய அங்காடிகள் உட்பட 8 நிறுவனங்களுக்கு மொத்தம் 44 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள்.

லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய வாக்கி-டாக்கியும் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் ஓடுகிறவைக்கு 2018 விதிகளில் விலக்கு இருக்கிறது. அதற்கும் ஈ.டி.ஏ. கட்டாயம். மற்ற அலைவரிசையில் ஓடினால் லைசென்ஸ் வேண்டும்.

பேர் இல்லாத ஒரு வாக்கி-டாக்கி போலீஸ் அலைவரிசையில் புகுந்தால் என்ன ஆகும்? விபத்து நடந்த இடத்தில் இருந்து 'ஆம்புலன்ஸ் அனுப்புங்க' என்று சொல்கிற குரல் கரகரவென்று அறுந்து போகும். லேபிள் விஷயத்தில் அரசு கறாராக இருப்பதன் காரணம் இதுதான். குறுக்கீடு செய்கிற கருவியை யார் செய்தது என்று தேடிப் பிடிக்க அந்த லேபிள் ஒரு முக்கியமான நூல். பேரை மாற்றி நம்பரை அழித்துவிட்டால் நூல் அறுந்துவிடும்.

ஐ.எம்.இ.ஐ. இல்லாத போன் ஊமையான கதை

இதே மாதிரி 2009-ல் நடந்தது பலருக்கு மறந்திருக்கும். அப்போது மலிவு விலையில் வந்த செல்போன்களில் பெரிய கம்பெனி மாதிரியே பேர் இருக்கும். ஆனால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் இருக்காது, அல்லது ஆயிரக்கணக்கான போனுக்கு ஒரே எண் இருக்கும். ஒரு போன் எங்கே இருக்கிறது, யாருடையது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. 2008-ல் மும்பை தாக்குதல் நடந்த அடுத்த வருஷம் அது.

2009 நவம்பர் 30 நள்ளிரவுக்குப் பிறகு சரியான எண் இல்லாத போன்களுக்கு இணைப்பைத் துண்டிக்கும்படி அரசு உத்தரவு போட்டது. அதற்கு முன்னால் 199 ரூபாய் வாங்கிக்கொண்டு முறையான எண்ணை ஏற்றித் தருகிற ஏற்பாடும் நடந்தது. ஏற்றாதவர்கள் போன் ஊமையானது. பணம் போனது யாருக்கு? செய்த கம்பெனிக்கு இல்லை. 'விலை குறைவா இருக்குதே' என்று வாங்கின ஏழைபாழைகளுக்குத்தான்!

இப்போது சட்டம் இன்னும் கடுமை. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐ.எம்.இ.ஐ. போன்ற அடையாள எண்ணைத் திருத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும் சேர்த்து.

கடைக்காரர் தப்பிக்க முடியுமா?

'நான் வாங்கி விக்கிறவன்தானே... எனக்கு என்ன தெரியும்?' என்று கையை விரிக்க முடியாது.

2016-ம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டம், கட்டாயப் பட்டியலில் உள்ள பொருளை முத்திரை இல்லாமல் தயாரிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. இறக்குமதி செய்யக் கூடாது, விற்கக் கூடாது, விற்பதற்காக இருப்பு வைக்கவும் கூடாது, காட்சிக்கும் வைக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. அந்தச் சட்டத்தில் எழுதியுள்ள தண்டனை, 2 ஆண்டு வரை சிறை அல்லது முதல் தடவை குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம். மறுபடி மாட்டினால் குறைந்தது 5 லட்சம். சரக்கு மதிப்பில் பத்து மடங்கு வரைக்கும் அபராதம் ஏறலாம்.

'அதெல்லாம் டெல்லியில்' என்றும் நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே, இணைய வர்த்தக நிறுவனங்களின் கிடங்குகளில் பி.ஐ.எஸ். சென்னை அதிகாரிகள் புகுந்து சோதனை போட்டு, முத்திரை இல்லாத பொருட்களை ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்தார்கள். அவை தண்ணீர் பாட்டில், மின்விசிறி போன்ற பொருட்கள். ஆனால் சட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பெரிய கம்பெனி வக்கீல் வைத்துச் சமாளிக்கும். தண்டலுக்கு வாங்கி 50 ஸ்பீக்கர் இறக்கின கடைக்காரர் சரக்கு போனால் எழுந்திருக்க முடியாது. எனவே வாங்குகிற இடத்திலேயே பதிவு நகல் கேளுங்கள். அதில் உங்கள் சரக்கில் உள்ள பிராண்ட் பேர் இருக்கிறதா, மாடல் இருக்கிறதா பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்தான் நாளைக்கு உங்களைக் காப்பாற்றும் சாட்சி.

சொந்தப் பேரில் விற்க ஆசையா? தாராளமாகச் செய்யலாம். டப்பா அச்சடிக்கும் முன்னால் பிராண்டைப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். ஈ.டி.ஏ.வில் உள்ள மாடல் நம்பரும், உங்கள் லேபிளில் போடப்போகும் நம்பரும் ஒன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள். அச்சடித்த பிறகு முழிப்பதில் லாபம் இல்லை.

டப்பாவில் என்ன இருக்கணும்?

ரேடியோ சான்று ஒரு பக்கம் இருக்க, பாக்கெட் பொருட்களுக்கான எடையளவு விதி இன்னொரு பக்கம் இருக்கிறது. 2011-ம் ஆண்டு விதிகளின்படி டப்பா மீது தயாரிப்பாளர் அல்லது பேக் செய்தவர் பேர், முகவரி, வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பேர், எந்த நாட்டில் செய்தது, பொருளின் பொதுப் பேர், எத்தனை எண்ணிக்கை, தயாரித்த மாதம்-ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல போன் நம்பர் ஆகியவை இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் பொருட்களில் இதில் சில விவரங்களைக் க்யூ.ஆர். கோடு மூலமும் காட்டலாம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை.

வெறும் பிராண்ட் பேரும், வாயில் நுழையாத நாலு இங்கிலீஷ் எழுத்தும் மட்டும் இருந்தால் அந்த டப்பாவைக் கீழே வையுங்கள்.

வாங்கும் முன் 2 நிமிஷம் செலவு பண்ணுங்க!

1. பொருளைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பி.ஐ.எஸ். முத்திரையும் ஆர் நம்பரும் பொருளிலோ டப்பாவிலோ இருக்க வேண்டும். திரை உள்ள செல்போன், வாட்ச் என்றால் செட்டிங்ஸ் உள்ளேயும் இருக்கலாம்.

2. செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஆர் நம்பரைச் சரிபார்க்கத் தனி இடம் உண்டு. நம்பரைப் போட்டால் பதிவு வாங்கிய தயாரிப்பாளர், பொருள், பிராண்ட் விவரம் வரும். ஆப் காட்டுகிற பேரும், டப்பாவில் உள்ள பேரும் ஒத்துப்போகிறதா?

3. பொருள் வகையையும் பாருங்கள். சார்ஜருக்கு வாங்கிய நம்பரை ஸ்பீக்கரில் ஒட்டியிருக்கலாம். உள்ளே உள்ள பேட்டரிக்கோ சார்ஜருக்கோ உரிய ஆர் நம்பர், முழு ஸ்பீக்கருக்கும் ஆகாது.

4. செல்போன் என்றால் *#06# போட்டு வருகிற எண்ணும், டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றா பாருங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தை அடித்து, இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணையும் அடித்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போன் விவரம் வரும். 'சஞ்சார் சாத்தி' தளத்திலும் பார்க்கலாம்.

5. *#07# போட்டால் போனின் கதிர்வீச்சு அளவு வரும். 2012 செப்டம்பரில் இருந்து இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். அதற்கு மேல் இருக்கக் கூடாது.

6. வீட்டுக்குள் சிக்னல் வரவில்லை என்று 'மொபைல் பூஸ்டர்' விற்பார்கள். தனி நபர் அதை வாங்கி மாட்டுவதே சட்டப்படி தப்பு. எந்த லேபிள் ஒட்டியிருந்தாலும் வேண்டாம்.

ஏமாந்துட்டா என்ன செய்யறது?

பில்லைப் பத்திரமாக வையுங்கள். டப்பா, லேபிள் ரெண்டையும் போட்டோ எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பொய் முத்திரை என்று சந்தேகம் வந்தால் பி.ஐ.எஸ். கேர் ஆப்பிலேயே புகார் கொடுக்கலாம். நேரில் போக வேண்டும் என்றால் பி.ஐ.எஸ். தென்மண்டல அலுவலகம் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. முத்திரை போட்ட பொருள் தரத்துக்கு ஒத்து வராவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு கேட்கவும் 2016 சட்டத்தில் இடம் உண்டு.

500 ரூபாய் ஸ்பீக்கருக்கு இவ்வளவு அலையணுமா என்று கேட்கலாம். ராத்திரி தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டு, பக்கத்தில் பிள்ளையைப் படுக்க வைக்கிறோம். அந்தப் பேட்டரி ஊதி வெடித்தால், மேலே ஒட்டியிருக்கிற பேருக்குச் சொந்தக்காரர் யார், அவர் எந்த முகவரியில் இருக்கிறார் என்பது அப்போது தெரிந்தாக வேண்டும்.

பேரை மாத்தி விக்கலாம். அதில் தப்பே இல்லை. பேருக்குப் பின்னால் ஆள் இருக்கணும்... அவ்வளவுதான்!